கிரீம் நிற்கும் நேரம்

சித்திரையில், முருகன்குறிச்சியில்,
கிரீம் அடிக்க ஒரே நேரம்தான்:
விடியக்காலம் மூன்றேகால்.
தாண்டினால் மோர்.

கிண்ணத்துக்கு அடியில் மீன்கடை ஐஸ்.
நாலு தடவை கழுவியும்
மூக்கு சந்தேகப்படுகிறது.

ரோமில் நர்ஸாக இருந்து திரும்பிய
ரெஜினா படம் காட்டினாள்:
வயிறு கீறி, வெள்ளை பிதுங்க ஒரு பன்.
மரிட்டோசோ.
மரீத்தோ என்றால் புருஷனாம்.
நிச்சயம் பண்ணியவன்
உள்ளே மோதிரம் ஒளித்துக் கொடுப்பானாம்.

“முழுங்கிட்டா என்னட்டி செய்ய?”
மாவுக் கையோடு கேட்டார் என் வீட்டுக்காரர்.
பதினாறு வருஷத்தில்
அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி.

ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்டு,
உலர்திராட்சை பிசைந்து,
உருண்டைகள் இரண்டாம் முறை உப்பி,
அடுப்பேறி, சிவந்து, ஆறி முடிந்த சமயம்
கரண்ட் போயிற்று.

கம்பி மத்தை மாற்றி மாற்றி வாங்கி
இருட்டில் அடித்தோம்,
சுற்றுக்கு ஒரு வசவு,
மின்வாரியத்துக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.
கெட்டியாச்சா, தெரியவில்லை.
கிண்ணத்தை அவர் தலைக்கு மேல்
கவிழ்த்துப் பார்த்தேன்.

விழவில்லை.

ரெஜினாவுக்குப் பன்னிரண்டு கட்டியாயிற்று.
மிஞ்சியது ஒன்று. நீட்டினேன்.
எப்போதும் அவக் அவக்கென்று தின்கிற மனுஷன்
மெதுவாகக் கடிக்கிறார்,
நாக்கால்
எதையோ தேடிக்கொண்டே.