பதினேழாம் நம்பர்

நகோயாவிலோ வேறெங்கோ
வரைபலகை முன் உட்கார்ந்திருந்த ஐயா,
போல்ட்டை முதலில் அந்தரத்தில் நிறுத்திவிட்டு
அதைச் சுற்றி வண்டியைக் கட்டினீர்களா?

முர்காப்பில் இப்போது மைனஸ் பத்தொன்பது.
ஆஸ்பத்திரி லேண்ட் குரூசர், வயது முப்பத்து நான்கு,
நான்கு கட்டைகள்மேல் நிற்கிறது.
அடியில், கிழிந்த கம்பளத்தில் மல்லாந்து நான்.
கிளட்ச் மாற்றியாயிற்று.
கியர்பாக்ஸைத் தூக்கி என்ஜினோடு சேர்த்தாயிற்று.
கீழ்ப் போல்ட்டுகள் நல்ல பிள்ளைகள்.
பக்கத்துப் போல்ட்டுகள் கொஞ்சம் முனகிவிட்டு ஏறின.
உச்சியில் இருப்பதுதான்,
தீச்சுவருக்கும் கியர்பாக்ஸின் முதுகுக்கும் நடுவே
ஒரு கை போகும், முழங்கை போகாத சந்தில்.

வழி தெரியாமலில்லை.
கியர்பாக்ஸின் வாலை மூன்று விரற்கடை இறக்கு.
நீட்டுக்கம்பி ஒன்று, இரண்டு, மூன்று சேர்த்து
நடுவில் கழுத்துத் திரும்பும் மூட்டு போட்டு
பின்பக்கமாக, முதுகெலும்பு மேலே ஊர்வதுபோல் விடு.
சாக்கெட்டுக்குள் கிரீஸ் தடவிய சிகரெட் தாள்,
போல்ட் நழுவாதிருக்க.
ஆனால் அந்த முனையில் அதைப் பிடித்து
துளையின் வாயில் வைக்க ஒரு கை வேண்டும்.
என் கை ரொட்டிப் பலகை மாதிரி.
இரண்டு தடவை விழுந்தது போல்ட்.
ஒரு தடவை சேஸிஸுக்குள்.
காந்தத்தால் துழாவி எடுக்க அரைமணி.
கெட்ட வார்த்தைகளில் ரஷ்ய மொழி தீர்ந்து
கிர்கிஸுக்கு வந்துவிட்டேன்.

"தள்ளு, தோக்தோசுன்."
அய்ஜமால். பிரசவம் பார்ப்பவள்.
ராங்குலில் ஒருத்திக்கு வலி கண்டிருக்கிறது.
வண்டிக்காகக் காலையிலிருந்து காத்திருக்கிறாள்.
கோட்டைக் கழற்றி, கைச்சட்டையைத் தோள்வரை சுருட்டி
பக்கத்தில் படுத்தாள்.
நான் டார்ச்சைப் பிடித்தேன்.
"அணை. வெளிச்சம் கையைக் குழப்பும்."

இருட்டில் அவள் மூச்சு மட்டும்.
அப்புறம், "இங்கே துளை இரண்டு."
"ஒன்றுதான்."
"இரண்டு. ஒன்றில் உன் போல்ட்டை வைக்கலாம்.
பக்கத்தில் ஒன்று, வெறுமை. உள்ளே துரு."

பதினோரு வருஷம் முன்னால்,
இதே வண்டி, இதைவிடக் கேடான இரவு.
ஏழில் ஆறு போதாதா, யார் பார்க்கப்போகிறார்கள்
என்று சொன்னது
இந்த வாய்தான்.
பனியிலும் ஆற்றிலும் அது ஓடத்தான் செய்தது.
எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு என்று
நான் எண்ணவில்லை.

அவள் எதுவும் கேட்கவில்லை.
கையை எடுக்கவுமில்லை.
"என்ன சைஸ்?" என்றாள்.

ஊர்ந்து வெளியே வந்தேன்.
தேடவே வேண்டாம், அலமாரியின் மேல்தட்டு,
தேயிலை டப்பா, தைக்கும் ஊசிக்கும்
ஒரு செத்த கடிகாரத்துக்கும் அடியில்
பதினேழாம் நம்பர்,
புதுசாகவே இருந்தது.
தூக்கியும் போடாமல், பூட்டவும் செய்யாமல்
வைத்திருந்தேனே, அதை என்ன சொல்ல.

முதலில் துருவைத் துடைக்க மண்ணெண்ணெய்த் துணி.
அப்புறம் உச்சிப் போல்ட். அப்புறம் இது.
அவள் வாயில் வைத்துக்கொடுக்க,
ஒரு மீட்டர் தள்ளி நான் திருப்ப,
கம்பியின் மூன்று மூட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நெளிய,
"மெதுவாக. கோணல். திரும்பி வா.
இப்போது."
புரி புரியைக் கவ்வியதை
நான் உள்ளங்கையில் கேட்டேன்.

ராட்செட் பல் எண்ணுகிற சத்தம். பிறகு இறுக்கம்.

வெளியே வந்து பெட்ரோலில் கை கழுவினாள்,
பிறகு சோப்பு, முழங்கைவரை, இரண்டு முறை.
மணிக்கட்டில் ஒரு கீறல்.
"அங்கே போயும் கழுவணும்," என்றாள்.
வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

தட்டைப் பார்த்தேன்.
மிச்சம் ஏதுமில்லை.
எனக்கு அது
பழக்கமில்லாத காட்சி.