நூறு ஃபில்ஸுக்கு ஒரு ழ

ஸித்ரா டேங்குகளில் இரவுப்பணி முடிந்து
குதைபியா முனையில் கம்பெனி பஸ் என்னை உதிர்க்கும்போது
ஆறு இருபது.
ஏழுக்கு ரோஸ்லின் கிளினிக்குக்குக் கிளம்பிவிடுவாள்.
ஒன்பதுக்கு எதிர்வீட்டு மர்யமின் அம்மா வந்து
பெனினாவை அழைத்துக்கொள்வாள்.
நடுவில் இரண்டு மணி நேரம்
நானும் மகளும், எனக்கு வரவேண்டிய தூக்கமும்.

ஏ, பி, சி செப்டம்பரில் பள்ளிக்கூடத்தின் பாடு.
அலிஃபும் பாவும் மர்யமோடு விளையாட்டில் ஒட்டிக்கொண்டன.
தமிழ் என் பங்கு.

புத்தகம் இல்லை. முட்டை அட்டை இருந்தது.
பன்னிரண்டும் பதினெட்டும் முப்பது,
முப்பது குழி.
அட்டை செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.
கொண்டைக்கடலையைப் போட்டுக் குலுக்க வேண்டும்,
நிற்கிற குழியின் சத்தத்தைச் சொல்ல வேண்டும்.

ங-வில் நின்றது.
"இதுல என்ன வார்த்தை?"
ஒன்றும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.
ஏசியைக் காட்டினேன்.
ராவும் பகலும் அது
அந்த ஒரே எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது.
தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒப்புக்கொண்டாள்.

ப.
பல், பால், பெனினா என்றேன்.
"பெனினா வேற ப."
உதட்டில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தேன்.
வேறுதான்.
எழுத்து ஒன்றுதான் பாப்பா,
பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து
குரலை மாற்றிக்கொள்ளும்.
பம்பரம் சொல்லு. முதல் ப வெடிக்கும்,
ம்முக்குப் பின்னால் வருகிற ப பணிந்து போகும்.
"ஒன்ன மாதிரி."
சூப்பர்வைசர் அழைத்தால் எனக்கு வருகிற குரலை
இவள் எப்போது கேட்டாளோ.
விழாத கடலையைத் தேடுகிறவன் போல
கட்டிலுக்கு அடியில் கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன்.

ழ-வில் நிற்காதபடி
ஒரு வாரமாக அட்டையை லேசாகச் சாய்த்தே பிடித்தேன்.
எங்கள் பக்கம் மளை பெய்யும், வாளப்பளம் பளுக்கும்.
பத்தாம் வகுப்புத் தமிழில் எனக்குத் தொண்ணூற்றிரண்டு,
எழுத்தில் ஒரு பிழை கிடையாது,
வாயை யாரும் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டது.
"ள" என்றேன்.
"அது இங்க இருக்கே" என்று இன்னொரு குழியைத் தொட்டாள்.

இறங்கினோம், கோயாக்குட்டியின் கோல்டு ஸ்டோருக்கு.
"இக்கா, ஒரு பளம்."
கல்லாவிலிருந்து நிமிராமலே அவர் சொன்னார்:
"பழம்."
பெனினா அவர் வாய்க்குள்ளேயே பார்த்தாள்.
"இன்னொரு தடவ."
குபூஸ் வாங்க நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க,
கோயாக்குட்டி கல்லாவை மூடிவிட்டு வாயைத் திறந்தார்.
பழம். புழ. வழி.
கடைசியில், தன் ஊரையே எடுத்து வைப்பவர் போல,
கோழிக்கோடு.

நூறு ஃபில்ஸ் கொடுத்தேன், பழத்துக்கு.

லிஃப்ட் கதவு மூடுமுன் அவளுக்கு வந்துவிட்டது.
எனக்கு மூன்றாம் மாடி வரை வரவில்லை.
"நாக்க எங்கயும் ஒட்டாதப்பா."
பதினோரு வருஷமாக எங்கேயும் ஒட்டாமல்தான் இருக்கிறேன்,
இருந்தும் வரவில்லை.

ஆகஸ்ட் ஈரத்தில் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.
கம்பி போட்ட பால்கனியில் நின்று
விரலால் எழுதினாள்.
கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு
அது திரும்பி விழுந்தது,
மர்யமின் பாடத்தைப் போல வலத்திலிருந்து இடமாக.
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சொல்லிக் காட்டினாள்.
ஏசி விடவில்லை, கேட்கவில்லை.
நாக்கு தெரிந்தது, மடிந்து, எதையும் தொடாமல்.

ஒன்பதுக்கு அவள் போனாள்.
வெயில் ஏறி எழுத்தின் வாலைக் குடித்துக்கொண்டிருந்தது.
திரையை இழுத்துவிட்டுப் படுத்து
இருட்டுக்குள் ஒருமுறை சொன்னேன்: பழம்.

வந்த மாதிரிதான் இருந்தது.
சாயங்காலம் அவளிடம் கேட்க வேண்டும்.