ஏழு பத்து பஸ்

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஓலு நகரத்து ஜனவரியில்
விடியல் என்பது கடிகாரம் கிளப்பிவிடும் வதந்தி.
ரீக்கா இப்போதுதான் படுத்தாள்,
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
ஆகவே நாங்கள் கிளம்பும்வரை
இந்த வீட்டில் கோபம்கூடக்
கிசுகிசுப்பாகத்தான் வர வேண்டும்.

கிசுகிசுத்துத் திட்டிப் பார்த்திருக்கிறீர்களா?
பாதி வாக்கியத்தில் காற்று தீர்ந்துவிடும்.

கம்பளிக் காலுறை, அதன்மேல் இன்னொன்று,
கம்பளிக் கால்சட்டை,
எல்லாவற்றையும் விழுங்கும் பனியுடை.
அதற்கு ஒரே ஜிப், தொடையிலிருந்து தாடைவரை.
"நானே," என்கிறான் தோவ்கோ.
மூன்று வயது. இந்த மாதம்
அவனுக்குப் பிடித்த சொல் அது.

ஏழு ஐந்து.
எட்டுக்குக் காப்பகத்தில் காலைச் சாப்பாட்டை எடுத்துவிடுவார்கள்.
எட்டரைக்குக் கிட்டங்கியில் என் பெயரை வாசிப்பார்கள்.
ஜிப்பின் முனை துளைக்குள் போகிறது,
போகவில்லை,
போகிறது, கோணலாக.
என் கை தானாக நீள்கிறது.
"நானே!"
கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிடுகிறது.

பிஹ்லா எப்போதோ தயார்.
பூட்ஸ், தொப்பி, முதுகுப்பை,
வாசலில் வியர்த்து நிற்கிறாள்,
ஒரு கைக்கு மட்டும் உறையில்லை.
"அப்பா, உன் கழுத்துல புழு வந்தாச்சு."
எனக்குக் கோபம் வந்தால் புடைக்கும் நரம்புக்கு
அவள் வைத்த பெயர்.
அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி பொங்குகிறது என்பதுபோல
தகவலாகத்தான் சொன்னாள்.

கையுறையைத் தேடி மண்டியிட்டேன்.
செருப்பு அலமாரிக்குப் பின்னால்,
சுவரோரம், தூசி ஒட்டிக் கிடந்தது.
நேற்று அதை எறிந்தது நான்.
நேற்று ரீக்கா வீட்டில் இல்லை;
கத்த இடமிருந்தது, கத்தினேன்.
கையுறை சுவரில் மோதியபோது
சத்தமே எழவில்லை.
அதன்பின் பிள்ளைகள் இருவரும்
மிக வேகமாக, மிக ஒழுங்காக
உடுத்திக்கொண்டார்கள்.
அந்த வேகத்தை நினைத்தால் வயிறு பிசைகிறது.

ஏழு பத்து.
நிறுத்தத்தில் பஸ் மூச்சுவிட்டு நின்று,
கதவைத் திறந்து, மூடி,
நாங்கள் இல்லாமல் போகும் ஓசை
மூன்றடுக்குக் கண்ணாடி தாண்டிக் கேட்டது.

விநோதம், அப்போதுதான் தோள் இறங்கியது.
பொறுமைசாலி என்று யாரும் மெச்ச வேண்டாம்.
பிடிப்பதற்கு பஸ் இல்லை, அவ்வளவுதான்.
கம்பளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து
ஒரு மனிதன் தன் வாழ்வில் முதன்முறையாக
ஜிப் ஏற்றுவதைப் பார்த்தேன்.
நாக்கு நுனி வெளியே,
மூக்கு ஒழுக,
பல்லுக்குப் பல், பல்லுக்குப் பல்,
வயிற்றருகே ஒரு சிக்கல், நெஞ்சருகே ஒரு சிக்கல்,
தாடையில் வந்து நின்றது.
அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில்
ஆறு பஸ் நிறுத்தலாம்.

பிறகு முகம் மாறியது.
கால்கள் பின்னிக்கொண்டன.
"அப்பா. மூச்சா."

பிஹ்லா தொப்பியைக் கழற்றினாள்.
அருகே வந்து, வியர்த்த கையால்
என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்,
அவள் அம்மா நாடி பார்ப்பதுபோல.
"இருக்கா?" என்றேன், கிசுகிசுப்பாக.
"இருக்கு. ஆனா தூங்குது."

ஜிப்பைத் திறக்கக் கை நீட்டினேன்.
"நானே," என்றான்.