எல்

தொப்பூர் இறக்கம். ராத்திரி இரண்டேகால்.
ராயக்கோட்டைத் தக்காளி, முந்நூற்றுப் பத்துப் பெட்டி.
இடது பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.
வழக்கமாய் ஓட்டும் வண்டி பட்டறையில் கிடக்க,
முதலாளி ஏலத்தில் எடுத்த கிழட்டு லாரியை
அன்றுதான் முதன்முதலாகக் கையில் வாங்கியிருந்தேன்.

முதல் நட்டே அசையவில்லை.
ஸ்பேனரை மாட்டி, தண்டின் நடுவில் மிதித்தேன்.
நுனிக்கு நகர்ந்து மிதித்தேன்.
அதே எழுபத்திரண்டு கிலோதான் நான்;
அச்சை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றால்
ஒன்றரை ஆளாகிவிடுகிறேன்.
போதவில்லை.

சீட்டுக்கடியிலிருந்து நாலடி ஜி.ஐ. பைப்பை
உருவிக்கொண்டு வந்தான் நஞ்சுண்டன்.
ஸ்பேனர் வாலில் செருகினோம்.
"இப்ப பாருண்ணா, மலையையே திருகலாம்."
நுனியில் இருவரும் தொங்கினோம்.
கிரீச்சென்று நூலளவு நகர்ந்தது.
சந்தோஷத்தில் இன்னொரு முறை தொங்கினோம்.
அப்புறம் பைப்புதான் வளைந்தது.

தாண்டி இறங்கிய கண்டெய்னர் ஒவ்வொன்றும்
காற்றால் ஓர் அறை விட்டுப் போனது.
அடிப்பெட்டியில் தக்காளி
சாறு விடத் தொடங்கியது.

செல்போன் வெளிச்சத்தைச் சக்கரத்துக்குள் காட்டி
போல்ட்டின் முகத்தைச் சட்டை நுனியால் துடைத்தான்.
துரு. கிரீஸ். அதற்கும் அடியில்
அரிசியளவு ஓர் எழுத்து: எல்.

"எல்லுன்னா என்னண்ணா?"

கொஞ்ச நேரம் நான் வாய் திறக்கவில்லை.
இடது மரை. இந்த வயசு வண்டிகள் சிலதுக்கு
இடப்பக்கம் மட்டும் எல்லாம் தலைகீழ்.
அரைமணி நேரமாய்
அத்தனை பலத்தோடு, அத்தனை நீளத்தோடு
இறுக்கிக்கொண்டிருந்தோம்.

பலத்தைத் தூரத்தால் பெருக்கினால் வருவது
எந்தப் பக்கம் என்று சொல்லாது.
அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

(பாலக்கோட்டில் தம்பி முனிவேலோடு
கிணற்றுப் பங்குக்கு ஆறு வருஷம்.
ஆள் சேர்த்தேன். வக்கீல் மாற்றினேன்.
சரி, அது வேறு கதை.)

வளைந்த பைப்பை எதிர்ப்பக்கம் போட்டோம்.
நாங்களே ஏற்றிய இறுக்கத்தையும் சேர்த்து
அவிழ்க்க வேண்டியிருந்தது.
நாய் குரைத்தாற்போல் ஒரு சத்தம். விட்டது.
கடைசி நட்டை நஞ்சுண்டன் ஒற்றைக் கையால்,
பைப்பின் ஓரத்து விரற்கடையைப் பிடித்து
கொட்டாவி விட்டபடி இளக்கினான்.

ஸ்டெப்னி மாட்டி முறுக்கும்போது
என் கை பழையபடி
வலஞ்சுழியாகவே போனது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பைப்புக்கு மறுபக்கம்
வந்து நின்றான்.