பழுப்பு இன்னும் கொஞ்சம்

காரைக்குடி, கழனிவாசல் ரோடு.
ஜெராக்ஸ் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில்
என் ஹீட் பிரஸ்.
நூற்றுத் தொண்ணூறு டிகிரி, ஐம்பத்தைந்து நொடி.
மில் ஓடும்போது மேஜை அதிரும்.
அப்போது மௌசைத் தொடமாட்டேன்.

வயிரவன் அண்ணன் பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தார்.
ஏதோ ஒரு வீட்டைப் பிரித்தபோது
கதவு தனி விலை, பீங்கான் தனி விலை,
போட்டோக்கள் பழைய பேப்பரோடு எடைக்கு.
கானாடுகாத்தான் ஹோட்டலுக்கு நாற்பது தலையணை,
பதினாறுக்குப் பதினாறு.
'தலை வைக்கிறதுக்கு இல்லப்பா,
சோபாவுல முதுகு சாய.'

முதல் பத்துப் படமும் சுலபம்.
சந்தையில் நிற்கும் பெண்ணிடமிருந்து
பிளாஸ்டிக் வாளியை வாங்கிக்கொண்டேன்.
விரல்கள் மட்டும் எதையோ பிடித்தபடியே இருந்தன.
'பித்தளைக் குடம் ஒண்ணு கொடு' என்றார், கொடுத்தேன்.
மாட்டு வண்டிக்குப் பின்னால் மின்கம்பம்.
அதை எடுத்ததும்
கம்பத்துக் காக்கை ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தது.
அதையும் எடுத்தேன்.
'பழுப்பு இன்னும் கொஞ்சம் ஏத்து.'
ஏற்றினேன்.
நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு எடுத்த படம்
ஒரு டீ குடிப்பதற்குள்
வெள்ளைக்காரன் காலத்துக்குப் போய்விட்டது.

பதினோராவது படம்.
பெரிய வீட்டு வாசலில் நெல் மூட்டை இறங்குகிறது.
பின்னால் பென்சிலில் 'எண்பத்தாறு மூட்டை'.
ஆள் கணக்கு எழுதவில்லை. எண்ணினேன், பதினாலு.
படிக்கு மேலே நாற்காலியில் ஒருவர், பம்ப் ஷூ.
கீழே தெருவில் எல்லாரும் வெறுங்கால்,
வலது ஓரத்தில் நிற்பவனைத் தவிர.
அவன் காலில் செருப்பு.

'அது ஒட்டல தம்பி,
கிராமத்து லுக்கே போயிடுது. எடுத்துடு.'
ஷூவைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
புதுச் செருப்பு. வார் இன்னும் வளையப் பழகவில்லை.
வேட்டியை ஒரு சாண் தூக்கிப் பிடித்திருக்கிறான்.
பக்கத்தில் நிற்பவன்
கேமராவைப் பார்க்கவில்லை,
அந்தக் காலைப் பார்க்கிறான்.

செருப்பை அழித்தால் கால் கிடைக்கும்
என்று நினைத்திருந்தேன்.
வெள்ளையாக இரண்டு ஓட்டைதான் கிடைத்தது.
இடமிருந்து நாலாவது ஆளிடம்
வெடிப்போடு இரண்டு பாதம் கடன் வாங்கி,
திருப்பிப் போட்டு,
நிழலைச் சரிசெய்து முடிக்கையில் மணி ஆறு.
பக்கத்து ஆள் இன்னும் குனிந்து
அந்த வெறுங்காலையே வெறித்துக்கொண்டிருந்தான்.
அவன் கண்ணை என்ன செய்வதென்று தெரியவில்லை,
விட்டுவிட்டேன்.

தாளில் எப்போதும் தலைகீழ்க் கணக்கு.
இடது ஓரத்தில் இருப்பவன் வலதுக்கு வருவான்,
வலது இடதுக்கு.
துணியில் வைத்து அழுத்தி, சூடு காட்டினால் போதும்,
அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

தைத்துப் பஞ்சு திணித்தது சகாயராணி அக்கா.
பஞ்சு போகப் போக
மூட்டை தூக்கியவர்களுக்கெல்லாம் தொப்பை வந்தது.
பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம்.
அப்புறம்தான் கவனித்தேன்.
நாலு பக்கமும் அரை இஞ்ச் தையலுக்குள் போயிருந்தது.
அடியில் அத்தனை பேர் பாதமும் உள்ளே.
நாற்காலிக்காரர் மூன்று படி மேலே இருந்ததால்
அவர் ஷூ தப்பியது.
என் ஒரு மத்தியானம் முழுக்க
நூலுக்கு அந்தப் பக்கம் பஞ்சோடு கிடக்கிறது.

அண்ணன் இருநூறு குறைத்துக் கொடுத்தார்.
நாற்பதும் ஆட்டோவில் ஏறிப் போயின,
ஒருவர் முகத்தில் ஒருவர் அழுந்தியபடி.

சாம்பிளுக்கு முதலில் அடித்த துணி ஒன்று
மேஜைக்கு அடியில் கிடந்தது, செருப்போடு.
'இதையும் அதே மாதிரிதானே?' என்றார் அக்கா.
'இல்லக்கா. இதுக்குக் கால் விட்டுத் தைங்க.'
'கால் இஞ்சா?'
மில் ஓடத் தொடங்கியிருந்தது.
தலையை ஆட்டினேன்.