நாலாவது

பரமக்குடி ஏஜென்ட் அஸ்கர்
தெர்மோகோல் பெட்டியில் கொண்டுவந்தது
நாலு கம்பெனி சாக்லேட் பால்.
என் பிரிட்ஜில் இடம் இருப்பது ஒன்றுக்கு.
“குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கக்கா” என்றுவிட்டு
பாம்பனுக்குள் வசூலுக்குப் போய்விட்டார்.

பாசி எடுக்கிற நாள்.
மதியம் சின்னப்பாலத்தில் கரையேறினார்கள்,
விரல்களில் துணி சுற்றி
நெற்றியில் கண்ணாடித் தடத்தோடு.
கூப்பிட்டு உட்காரவைத்து டம்ளர்களில் ஊற்றினேன்.

முதலாவது, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி
என்றாள் ராக்கு.
இரண்டாவது நல்ல பால். சாக்லேட் மட்டும்
சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போயிருந்தது.
மூன்றாவதுக்கு யாரும் பேசவில்லை.
சேதுக்கனி டம்ளரின் அடித்தூளை
விரல்விட்டு வழித்தாள்.
நாலாவது இனிப்பு.
இனிப்பென்றால், பந்தி அவசரத்தில்
இரண்டு பேர் தனித்தனியாகச் சர்க்கரை போட்ட பாயசம்.

ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
வாய் கொப்பளிக்கணும் என்று சொல்லியிருந்தார் அஸ்கர்.
குடம் பதினைந்து ரூபாய்த் தண்ணீர்.
கொப்பளித்தார்கள்.
துப்பவில்லை.

உதட்டை ஒருதரம் நக்கிவிட்டுக் குடித்தால்
அட்டைப்பெட்டிகூடக் கொஞ்சம் தேறுகிறது
என்றாள் ராக்கு, நியாயமாக.
நானும் நக்கிப் பார்த்தேன்.
கல்லாவில் உட்காருகிற உதடு. உப்பில்லை.

மூன்றாவதுதான் என்று நோட்டில் எழுதப் போனேன்.
அவர்கள் காலிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.
மூன்றாவது காகித டப்பா.
குழல் குத்துகிற ஓட்டை
ஊறிச் சுருங்கிய விரலுக்கு அகப்படாது.
குடித்து முடித்தால் எதற்கும் ஆகாது.
நாலாவது வாயகன்ற பாட்டில்,
மூடி மூன்று சுற்று.
சேதுக்கனி தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து
பத்து ரூபாய்த் தாளை அதற்குள் போட்டு
வாளியில் அமுக்கிப் பிடித்தாள்.
கை வலிக்கும்வரை.
தாள் மொடமொடவென்று வெளியே வந்தது.
வெற்றிலை, தீப்பெட்டி, வீட்டுச் சாவி
எல்லாம் தீவு வரை நனையாமல் வரும்;
கை தவறினாலும் மிதக்கும்;
போன் நுழையாது, அது ஒன்றுதான் குறை.
ஆளுக்கு இரண்டு எடுத்து வை என்றார்கள்.

அஸ்கருக்குப் போன் போட்டேன்.
“நாலாவதாக்கா? அது எங்கயும் ஓடலையே!”
இங்கே மிதக்கும் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. சரி, இரண்டு பெட்டி என்றார்.

இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு,
கச்சான் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்க,
மிச்சமிருந்த மூன்றாவதைக்
குழல் குத்தி நின்றபடியே குடித்தேன்.
கடைசியில் அது காலி டப்பாவுக்கே உரிய
அந்த அசிங்கமான சத்தம் போட்டது.
தெருவில் யாரும் இல்லை.
இன்னொருதரம் உறிஞ்சினேன்.