எடுத்தவர் வைக்கவில்லை

மூன்று மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர்.
மிதவையிலிருந்து ஐயுன் கூப்பிட்டான்.
"தீனிக் குழாய்கள் நின்றுவிட்டன.
பழுதில்லை. அணையவுமில்லை.
பச்சை விளக்கு எரிகிறது.
சும்மா நிற்கிறது எல்லாம்,
பாதிரியார் வருமுன் சபை நிற்பதுபோல."

கிளாக்ஸ்விக் துறைமுகத்தின் மேல்மாடி.
காற்று கூரைத் தகரத்தைக் கெல்லிக்கொண்டிருந்தது.
ஏழாம் கூண்டில் எண்பதாயிரம் சால்மன்
பசியோடு வட்டமடிக்க,
முதலில் காப்பியைத் தேடினேன்,
பிறகு பிழையை.

பெட்டி என்றுதான் நாங்கள் சொல்வோம்.
ஒரே ஓர் எண் கொள்ளும்:
ஏழாம் கூண்டின் நீரில் எவ்வளவு ஆக்சிஜன்.
இருக்கும், அல்லது இருக்காது.
எடுப்பவர் முழுதாய் எடுக்க வேண்டும்;
எடுத்த கணம் அது வெறும் பெட்டி.
அடுத்து வரும் இழை
திறந்து பார்க்கும்,
ஒன்றும் பேசாது,
அங்கேயே உறங்கிவிடும்
யாராவது எதையாவது வைக்கும்வரை.
நிரம்பிய பெட்டியில் வைக்க வந்தாலும்
அதே உறக்கம்.

கொடுக்கல் வாங்கல், அவ்வளவுதான்.
இரண்டு கைகள் ஒரே எண்ணின்மேல் விழுந்து
பாதி பழையதும் பாதி புதியதுமாய்
ஒரு பொய் பிறந்துவிடக் கூடாதே என்று
இத்தனை மரியாதை.

பதிவேட்டை உருட்டினேன்.
ஒன்பது இழைகள், வந்த முறைப்படி,
முண்டாமல், முணுமுணுக்காமல்.
முன்னால் தீனி போடுவது.
அதன் பின்னால் எச்சரிக்கை மணி.
மணியே வரிசையில் நின்றால்
அதை யார் அடிப்பது?

பத்தாவதைக் காணோம்.
ஒன்று ஐம்பத்திரண்டுக்கு
பெட்டியிலிருந்து எண்ணை எடுத்திருக்கிறது.
சராசரி காணப் போய்
பூஜ்யத்தால் வகுத்து
செத்திருக்கிறது,
கையில் எண்ணோடு.

யாருக்கும் தகவல் போகவில்லை.
அது வந்துவிடும் என்று
ஒன்பதும் நிற்கின்றன.

அந்த வரிகளை எழுதியவர் பெயர்
ஓரத்திலேயே இருந்தது.
என் பெயர். போன பிப்ரவரி.
கூடவே ஒரு குறிப்பு: பிறகு பார்க்கலாம்.

திருத்தம் இரண்டே வரி.
எடுத்தாயா,
பிழைத்தாலும் இறந்தாலும்
வைத்துவிட்டுப் போ.

ஐந்தே காலுக்கு ஐயுனிடமிருந்து ஒரு சொல்:
தின்கின்றன.

வீட்டுக்குப் போக மலைக்குள் பழைய சுரங்கம்.
ஒரு வண்டி அகலம்.
ஒதுங்கும் இடங்கள் என் பக்கத்தில்,
ஆக, வழிவிட வேண்டியவள் நான்.
தொலைவில் இரு விளக்குகள் தெரிந்ததும்
ஒதுங்கி நின்றேன்.
அவையும் நின்றன.

விளக்கைச் சிமிட்டினேன்: வாருங்கள்.
அவர் சிமிட்டினார்: நீங்கள் வாருங்கள்.
மறுபடி நான். மறுபடி அவர்.
நடுவே ஈரச் சுவர், இருநூறு அடி வெறுமை.
இருவரும் நல்லவர்கள்,
இருவரும் அசையவில்லை.

அப்போது ரன்வா நினைவுக்கு வந்தாள்.
செப்டம்பரில் கேட்டிருந்தாள்:
அம்மாவின் படகை விற்கப் போகிறேன்,
கடைசியாக ஒரு முறை வருகிறாயா?
படித்தேன். எடுத்துக்கொண்டேன்.
அவள் இன்னொரு முறை கேட்கவில்லை.
கேட்காததை
கோபமில்லை என்று எடுத்துக்கொண்டதும் நான்தான்.

சுரங்கத்துக்குள் சிக்னல் இல்லை.

என் விளக்குகளை முழுதாய் அணைத்தேன்.
சற்றுப் பொறுத்து எஞ்சின் உறுமல் கேட்டது.
ரொட்டிக் கடை வேன்,
கண்ணாடியை உரசாத குறையாய், மெல்லக் கடந்தது.
ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து
இரண்டு விரல் உயர்த்தினார்.
எனக்கும் இரண்டு விரல் உயர்ந்தது.
இருட்டில் அவர் பார்த்திருக்க வழியில்லை.

விளக்கைப் போட்டேன்.
ரன்வாவின் வீடு
நான் வந்த பக்கம்.
திரும்ப இங்கே இடமில்லை;
மறுமுனைவரை போய்த்தான்
வர வேண்டும்.